ஆள் பாடாத பாட்டு

அக்காவின் வீட்டில் மனிதர் எவரும் பாடக் கூடாது. வாடகைக்கு அறை கேட்டுப் போன அன்று அவர் எனக்குச் சொன்ன முதல் நிபந்தனை அது. குடிக்கக் கூடாது, கூட்டாளிகளைக் கூட்டி வரக் கூடாது என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

“பாட்டுக் கேக்கிறனீங்களோ?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா. வேலை முடிஞ்சு வந்தா அதுதான்.”

“வாத்தியம் எண்டாப் போடுங்கோ. வீணை, கிற்றார், எதெண்டாலும். ஆள் பாடுறது வேண்டாம். நீங்களும் குளிக்கேக்க பாடக் கூடாது.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது நிபந்தனையையும் அதே முகத்தோடு சொன்னார். வாசல் கேற்றடியில் நின்று யாரும் கூப்பிடக் கூடாது. கேற்றின் கம்பியில் ஒரு பழைய சைக்கிள் மணி பூட்டியிருந்தது. வருகிறவர் யாராக இருந்தாலும் அதைத்தான் அடிக்க வேண்டும்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் திரியாயிலிருந்து வந்து உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் களஞ்சியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்தப் பக்கத்து விடுதிகளுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுப்பவர். அந்தப் பழக்கத்தில்தான் அறை கிடைத்தது. துறைமுகத்துக்குக் கிட்ட, பெரிய வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் வீடு. மகள் மட்டக்களப்பில் தாதிப் பயிற்சியில் இருந்தாள். கணவரைப் பற்றிக் கேட்க வேண்டாமென்று விடுதியில் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவருடைய தையல் மெசின் ஒருபோதும் தொடர்ந்து ஓடியதில்லை. கொஞ்சம் ஓடும், நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். முதலில் நூல் அறுகிறதாக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் கதவு நீக்கலால் பார்த்தபோது, கால் மிதியில் அப்படியே நிற்க, தலையைக் கேற்றுப் பக்கம் சாய்த்தபடி அவர் இருந்தார். வெளியே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே கால் அசைந்தது. மெசினுக்கு மோட்டர் பூட்டலாமே என்று நான் கேட்டதற்கு, “சத்தம் கூட” என்று மட்டும் சொன்னார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் வேலையை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அவருக்கு வீட்டுக்குள் இருக்க ஏலாது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கதிரையைக் கேற்றடிக்கே தூக்கிப் போய்ப் போட்டு, ஒழுங்கையைப் பார்த்தபடி இருப்பார்.

அந்தக் காதுக்குத் தப்பியது எதுவும் இல்லை. பின்னேரங்களில் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து கேற்றில் உரசும். அவர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். அதே இடத்தில் ஒரு மனிதக் கை பட்டால் எழும்பிவிடுவார். ஒரு முறை விடுதியிலிருந்து பெடியன் ஒருவன் திரைச்சீலை வாங்க வந்து, மணி அடிக்காமல் “அன்ரி” என்று கூப்பிட்டுவிட்டான். அக்காவின் கையிலிருந்த கத்திரிக்கோல் விழுந்தது. அவனுக்குத் துணியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் குசினிச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு கன நேரம் நின்றார்.

இன்னொன்று. ஊரில் என் வயதுக்காரனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் ஊரின் பெயரையே எனக்குப் பெயராக வைத்து, “திரியாய், தேத்தண்ணி இருக்கு” என்பார்.

எங்கள் விடுதியில் கடலில் சுழியோடப் பழக்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் திரும்பிப் போகும்போது என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நிறைய ப்ளூஸ் ஒலிப்பதிவுகள். பழைய தட்டுகளிலிருந்து எடுத்தவை, கீறல் சத்தத்தோடு. இரண்டு பருவகாலம் அவரோடு கேட்டுக் கேட்டு எனக்கும் அது பிடித்துப் போயிருந்தது. அதில் பெரும்பாலும் ஆட்கள் பாடுவார்கள். பாடாதவற்றைப் பொறுக்கி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன ஸ்பீக்கரில் மெதுவாகப் போட்டேன். தனிக் கிற்றார்.

மெசின் நின்றது. வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றது.

“திரியாய், இது என்ன?”

“ப்ளூஸ் எண்டு சொல்லுறது அக்கா. அமெரிக்காவில கறுப்பு ஆக்கள்ர இசை. பருத்தித் தோட்டத்தில கஷ்டப்பட்ட சனம்.”

“ப்ளூ எண்டா நீலம் தானே?”

“ஓம். மனம் சரியில்லாட்டி அப்பிடிச் சொல்லுறவையாம்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வேற இருந்தாப் போடுங்கோ. ஆள் வராமப் பாத்துப் போடுங்கோ.”

அதிலிருந்து ஞாயிறு தோறும் நான் அவருக்கு ஒன்றைச் சிபாரிசு செய்வது வழக்கமாயிற்று. அவர் கேட்ட விதம் வேறு எவரும் கேட்காத விதம். வாயால் ஊதும் மவுத் ஓர்கனில் ஒருவர் ரயில் ஓடுவதுபோல வாசித்த பதிவு ஒன்று இருந்தது. எவருக்கும் பிடிக்கும் என்று நம்பிப் போட்டேன். தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “ஆள் மூச்சு விடுறது கேக்குது. வேண்டாம்.” பியானோவில் இடது கை ஒரே தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும் துள்ளலான பதிவுகள் அவருக்குப் பிடித்தன. “இதில கை மட்டும்தான் இருக்கு” என்றார். அவற்றைப் போட்டால் மெசின் கூடக் கொஞ்சம் நீளமாக ஓடும். கம்பிகளின் மேல் போத்தல் கழுத்தை வைத்து வழுக்கி வாசிக்கும் கிற்றாரைக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. எழுந்து வந்து என் அறை வாசலில் நின்றார்.

“இது கூப்பிடுது” என்றார்.

“நிப்பாட்டட்டோ அக்கா?”

“வேண்டாம். ஆரைக் கூப்பிடுது எண்டு சொல்லேல்ல. அதால கேக்கலாம்.”

ஒரு நாள் கணக்குப் பிழைத்துவிட்டது. கிற்றார் பதிவு ஒன்று, நீளமானது. முழுவதும் வாத்தியம் என்று நினைத்துப் போட்டிருந்தேன். நடுவில், பதிவு செய்த அறைக்குள் இருந்த யாரோ ஒரு மனிதர், வாசிப்பவரை உற்சாகப்படுத்த ஒரு சொல் சொன்னார். ஒரே ஒரு சொல். அக்கா ஓடி வந்து ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு சில நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. வேறு அறை பார்க்கச் சொல்லப்போகிறார் என்று எண்ணி உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஒரு பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சொன்னார்.

“அண்டைக்கும் இப்பிடி ஒரு பின்னேரம்தான். நான் குசினியில. ரேடியோவில பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. என்ர மனுசன் முன்னுக்குப் பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவர். கேற்றடியில ஒரு ஆள் கூப்பிட்டது. ‘தம்பி, ஒருக்கா வாரும். ஒண்டுமில்லை, ஒரு சின்னக் கதை.’ வடிவாக் கேட்டது எனக்கு. மரியாதையான குரல். பாட்டு முடியட்டும், போய்ப் பாப்பம் எண்டு நிண்டன். முடிஞ்சு வந்து பாத்தா கேற் திறந்து கிடக்கு. ஒழுங்கையில ஒருத்தரும் இல்லை.”

அவர் திரும்பிக் கேற்றைப் பார்த்தார்.

“முகம் பாக்கேல்ல. வாகனம் பாக்கேல்ல. எனக்குத் தெரிஞ்சது அந்தக் குரல் ஒண்டுதான். முறைப்பாடு சொல்லப் போன இடமெல்லாம் கேட்டாங்கள், ஆளை அடையாளம் காட்ட ஏலுமோ எண்டு. குரலைத் தெரியும் எண்டு சொன்னன். எழுதினதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தாங்கள்.” தேத்தண்ணிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார், குடிக்கவில்லை. “ஒரு பாட்டுக் கேட்டா அந்தப் பாட்டுக்காரன்ர குரல் ரெண்டு நாளைக்கு காதுக்குள்ள இருந்திடும். அப்பிடி ஒவ்வொருத்தரா வந்து இருந்தா, கடைசியில அந்தக் குரல் எது எண்டு எனக்கே தெரியாமப் போயிடும். வாத்தியம் அப்பிடியில்லை. வரும், போயிடும்.”

அதற்குப் பிறகு நான் பாட்டுப் பொறுக்கிய விதம் மாறியது. ஒவ்வொரு பதிவையும் ஹெட்போனில் தொடக்கம் முதல் கடைசி வரை கேட்டுவிட்டே அவருக்குப் போடுவேன். ஒரு இருமல், ஒரு முனகல், பின்னால் ஒரு சிரிப்பு இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். அப்படிக் கேட்டுக் கேட்டு அந்தப் பயம் எனக்கும் தொற்றியது. இசையைக் கேட்டேனோ இல்லையோ, இசைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறானோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து ஒழுங்கையில் நடந்து வரும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் மெதுவானால் என் கால் தானாக வேகமாகும்.

அடுத்த வருடம், மழை விட்ட நாட்களில் அந்த மனிதர் வந்தார்.

வழுக்கும் கிற்றார்ப் பதிவொன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மணி அடிபடவில்லை. கேற்றடியில் ஒரு குரல் கேட்டது.

“தங்கச்சி, ஒருக்கா வாரும். ஒண்டுமில்லை, ஒரு சின்ன வேலை.”

மெசின் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். அக்கா எழும்பவில்லை. கண்ணை மூடியிருந்தார். குரல் இரண்டாம் முறையும் அதையே சொன்னது. அக்கா கண்ணைத் திறக்காமலே என் பக்கம் கையை நீட்டி, பாட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். குசினிக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, சீலைத் தலைப்பால் துடைத்தபடி போய்க் கேற்றைத் திறந்தார்.

வந்தவர் ஐம்பது வயது தாண்டியவர், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்த தலைமயிர். உப்புவெளியில் புதிதாக விடுதி கட்டுகிறாராம். எல்லா அறைக்கும் திரைச்சீலை வேண்டும். அக்கா அளவுகளைக் கேட்டார். கேட்டதைத் திரும்பவும் கேட்டார். துணி என்ன நிறம், யன்னல் கடல் பக்கமோ வீதிப் பக்கமோ, வெயில் எந்த நேரம் படும் என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த மனிதரைப் பேச வைக்கிறார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அவர் போன பிறகு அக்கா கேற்றைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

“இதுதான்” என்றார்.

“அக்கா, கன வருசமாச்சு. வேற ஆளாயும் இருக்கலாம்.”

“குரல் தடிச்சுப் போச்சு. கூப்பிடுற விதம் அதுதான். ‘ஒருக்கா’வை இழுத்து, ‘வாரும்’ இல கீழ இறங்கிறது. ‘ஒண்டுமில்லை’ சொல்லேக்க ஒரு சிரிப்பு மாதிரி.”

அவர் சொன்னபோது எனக்கும் அது அப்படியே கேட்டது. எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக நான் அவருக்குப் போட்ட கிற்றார்களெல்லாம் மனிதர் கூப்பிடுவதுபோல இழுத்து இறங்குபவை. அந்த இழுவையைத்தான் இந்த மனிதரின் குரலிலும் கேட்கிறாரோ என்று பயந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வேலையை அக்கா மறுக்கவில்லை; மறுத்தால் ஏன் என்று அந்த ஆள் யோசிக்கும் என்றார்.

இரண்டாம் முறை அந்த மனிதர் துணி மாதிரி பார்க்க வந்தபோதும் ஸ்பீக்கரில் பியானோ போய்க்கொண்டிருந்தது. அவர் முன் அறைக் கதிரையில் சாய்ந்திருந்து கேட்டார்.

“என்ன, ஆள் பாடாத பாட்டோ?” என்று சிரித்தார். “ஆள் பாடினாத்தானே தங்கச்சி வடிவு. என்ர மகளும் கிற்றார் பழகிறவ. பாடச் சொன்னா வெக்கப்படுவா.” பிறகு என் அறை வாசலில் நின்ற என்னைக் கண்டார். “தம்பி எந்த ஊர்?”

அக்கா ஒரு நாளும் சொல்லாத அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு அடி பின்னால் போனேன். ஊரைச் சொன்னேன். “நல்ல ஊர்” என்றார். “ஆற்ற மகன்?” என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்ன பிறகு, ஏன் சொன்னேன் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதத்தில்தான், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வருகிறது, உறவினர் வந்து சாட்சி சொல்லலாம் என்ற செய்தி ஊரில் அடிபட்டது. அக்கா போவதென்று முடிவெடுத்து அயலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் முடித்த திரைச்சீலைகளை ஏற்றிப் போக வந்த அன்று, துணிக்கட்டு வாகனத்தில் ஏறிய பிறகு, அந்த மனிதர் கேற்றடியில் நின்று மெல்லக் கேட்டார்.

“விசாரணைக்குப் போறீராம், கேள்விப்பட்டன்.”

அக்கா ஒரு கையால் கேற்றைப் பிடித்தார்.

“போறதில பிழையில்லை. பழசைக் கிளறி என்ன காணப் போறீர்? பிள்ளையும் மட்டக்களப்பில தனியத்தானே படிக்குது.”

மகளைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாகனம் திரும்பி ஒழுங்கையைத் தாண்டும்வரை அக்கா அசையவில்லை. உள்ளே வந்ததும் மகளுக்குப் போன் எடுத்து, தாதியர் விடுதியை விட்டு வெளியே போக வேண்டாம், தனியே பஸ்ஸில் ஏற வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை.

“போகாதேங்கோ அக்கா” என்றேன். “அந்த ஆள் சும்மா சொல்லேல்ல.”

“தெரியும்.”

“பயமில்லையோ?”

“பயம்தான், திரியாய். பயமில்லாம நான் எண்டைக்கு இருந்தனான்?”

விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம் அக்கா என் அறைக்கு வந்தார். “ஆள் பாடுறது ஒண்டு போடுங்கோ” என்றார்.

நான் நம்பாமல் பார்த்தேன்.

“நாளைக்கு அங்க போய் நிக்கேக்க அந்தக் குரல் எனக்கு வராட்டி? இப்பவே பாக்க வேணும். ஒரு ஆள் பாடியும் அது அழியாம நிண்டா நான் போவன்.”

எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை நாளும் மனிதர் இல்லாததைத் தேடியவன், இப்போது மனிதரைத் தேட வேண்டியிருந்தது. கடைசியில், ஒரு கிழவர் தன் கிற்றாரோடு தனியே பாடிய பதிவொன்றை எடுத்தேன். அவர் ஒவ்வொரு அடியையும் பாதியில் விட்டுவிடுவார், மீதியைக் கிற்றார் சொல்லும். வாத்தியம் பிடித்தவருக்கு மனிதக் குரலைக் கொடுப்பதென்றால் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று பட்டது. அக்கா கட்டில் விளிம்பில் இருந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கிழவர் வாய் திறந்ததும் பிடியை இறுக்கினார். எழும்பவில்லை. பாட்டு முடிந்தது. வெளியே ஒரு மான் கேற்றில் உரசியது. கன நேரம் அவர் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது.

“நிக்குது” என்றார்.

மறுநாள் ஆட்டோவில் அவரோடு நானும் போனேன். வழி முழுக்கப் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன். மண்டபம் நிறையப் பெண்கள், மடியில் படங்களோடு. முன்னால் நீண்ட மேசை, அதில் மூன்று பேர், பக்கத்தில் மொழிபெயர்க்கும் ஒரு இளம் பெண். அக்காவின் முறை வந்தது. நடந்ததைச் சொன்னார். திரைச்சீலை வாங்கிய மனிதரின் பெயரையும் சொன்னார்.

“நீங்கள் ஆளைக் காணவில்லை. குரலை மட்டும் வைத்து எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று மேசையிலிருந்தவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

அக்கா மைக்கைத் தள்ளி வைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

“தம்பி, ஒருக்கா வாரும். ஒண்டுமில்லை, ஒரு சின்னக் கதை.”

அது அக்காவின் குரல் இல்லை. ஆண் குரல், மரியாதையான, அவசரமில்லாத குரல். கேற்றடியில் கேட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் வயது மட்டும்தான். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

பின் வரிசையில் ஒரு கதிரை விழுந்தது. வயதான ஒரு அம்மா எழும்பி நின்றார். இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பிய சம்பூர் ஆட்களோடு வந்தவர். கையை நீட்டி அக்காவைக் காட்டினார்.

“எங்கட வாசலிலயும் இதுதான் வந்தது” என்றார். “நாங்கள் இஞ்ச பட்டணத்தில சொந்தக்காரர் வீட்டில இருக்கேக்க. என்ர பெடியனை இப்பிடித்தான் கூப்பிட்டது.”

மேசையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எழுதினார்கள். என் சந்தேகம் அந்த இடத்தில் முடிந்தது. பயம் முடியவில்லை.

அதனால் என்ன நடந்தது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து ஒன்றும் நடக்கவில்லை. அந்த மனிதரின் விடுதி திறந்தது. இன்றைக்கும் இருக்கிறது, அக்கா தைத்த திரைச்சீலைகளோடு. நான் அந்த வீதியால் போவதில்லை. அடுத்த மாதமே அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போனார். போன புதிதில் சில முறை என்னோடு கதைத்தார். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அதை நல்லதாக நினைத்துக்கொள்ளத்தான் முயல்கிறேன்.

அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மா அக்காவைத் தேடி வந்தார். இருவரும் முன்பின் அறியாதவர்கள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“பிள்ளை, இன்னொருக்கா அதைச் சொல்லும்” என்றார் அம்மா. “வடிவாக் கேக்க வேணும்.”

அக்கா தலையசைத்தார். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்தார். வந்தது அவருடைய சொந்தக் குரல். ஒரு பெண், யாரோ ஒரு தம்பியை, ஒருக்கா வரச் சொல்லும் சாதாரணக் குரல். திரும்பவும் சொன்னார். அதுவும் அப்படியே. கண்ணைத் திறந்து, பயந்துபோய் எங்களைப் பார்த்தார்.

“அது போயிட்டுது” என்றார். “எனக்கு இப்ப வருகுதில்லை.”

அந்த அம்மா அவர் கையை விடவில்லை.

“பரவாயில்லை பிள்ளை” என்றார். “எனக்கு நிக்குது.”